வெள்ளை ஈயைப் பார்த்த யுவராணி

செட்டியார்பட்டி யுவராணிக்குக் குரல்தான் சொத்து. ராஜபாளையம் தெருக்களில் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி ஆடித் தள்ளுபடியை அறிவித்தது அந்தக் குரலில்தான். அதைக் கேட்டே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு விவசாயத் தகவல் நிறுவனம் அவளை வேலைக்கு அழைத்தது. வேளாண் ஆலோசகர் யோகேஸ்வரி எழுதித் தருவதை யுவராணி வாசிப்பாள். அது மறுநாள் காலை சுற்றுப்பட்டு விவசாயிகளின் செல்போனுக்கு அழைப்பாகப் போகும்.

பாதிப் பேர் பாதியிலேயே அழைப்பைத் துண்டித்துவிடுவார்கள். ஏனென்று அவளுக்குப் புரியவில்லை.

ஒருநாள் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் பஸ்ஸில் கிளம்பினாள். "கான்சாபுரம் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கண்டக்டரிடம் அவள் கேட்டதும், முன்சீட்டுக்காரர் திரும்பினார்.

"தாயி, போன்ல வெள்ளை ஈக்கு யோசனை சொல்லுதது நீங்கதான?"

யுவராணிக்கு ஒரே பூரிப்பு. "ஆமாண்ணே. கேக்கியளா?"

"எங்க கேக்க. தள்ளுபடி விக்கிற மாதிரில்லா படபடன்னு சொல்லுதிய. சேலைக்கடைன்னு நெனச்சு எம் பொண்டாட்டி கட் பண்ணிப்புடுதா."

அக்கம்பக்கத்து சீட்டெல்லாம் சிரித்தது. யுவராணிக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் அந்தச் சுருக்கம் அதிக நேரம் தாங்கவில்லை, அவளும் சிரித்துவிட்டாள்.

அவர் பெயர் சௌந்தரபாண்டியன், கான்சாபுரத்துக்காரர். வெள்ளை ஈ விழுந்து தோப்பில் தென்னை ஓலையெல்லாம் கறுத்துக் கிடக்கிறதாம். அடிப்பதற்குப் பூச்சிமருந்து வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். மருந்து அடிக்கக் கூடாது என்று வாசித்தது யுவராணிக்கு ஞாபகம் இருந்தது, அதை அவரிடம் சொன்னாள். ஏன் அடிக்கக் கூடாது என்று அவர் திருப்பிக் கேட்டபோதுதான் சொல்லத் தெரியவில்லை.

"செத்த பொறுங்கண்ணே. ஓலையக் காட்டுங்க, மேடத்துக்கிட்டயே கேட்டுருவோம்" என்று காதுகுத்தை விட்டுவிட்டு அவருடன் தோப்புக்குப் போனாள்.

சௌந்தரபாண்டியனின் மனைவி குருவம்மாள் ஓர் ஓலையை வளைத்துத் திருப்பினாள். அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள்கள், நடுவே மாவு தூவினாற்போல் ஈக்கள். மாதக்கணக்கில் தான் பேசிவந்த பூச்சியை யுவராணி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். வாயைப் பிளந்து நின்றாள். பிறகு யோகேஸ்வரியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மருந்து அடிச்சா இந்த ஈயத் தின்னுற நல்ல பூச்சியும் செத்துரும். ஓலைக்கு அடியில தண்ணியப் பீச்சி அடிங்க. ஈயோட கழிவுல படருற கறுப்புப் பூசணத்துக்கு மைதாவைக் கஞ்சியாக் காய்ச்சித் தெளிங்க. கஞ்சி காஞ்சு உதிரும்போது கறுப்பும் சேந்து உதிந்துரும்" என்றார் யோகேஸ்வரி.

"புரோட்டாவுக்குப் போடுத மைதாவா? தென்னைக்கா?" என்றாள் குருவம்மாள்.

"அதே மைதாதாங்க்கா."

மறுநாள் யுவராணி, யோகேஸ்வரி எழுதித் தந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேசினாள். "அண்ணே, அக்கா, தோப்புல இருக்கியளா? ஒரு ஓலையத் திருப்பிப் பாருங்க" என்று நிதானமாக ஆரம்பித்தாள். துண்டித்தவர்கள் வெகுசிலரே. குருவம்மாள் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு அலுவலகத்துக்கே போன் போட்டாள்: "கஞ்சிக்கு உப்புப் போடணுமா?"

சில வாரங்களில் தோப்பு பச்சைக்குத் திரும்பியது. யுவராணி இப்போது எதையும் பார்க்காமல் பேசுவதில்லை. போன வாரம் மக்காச்சோளப் படைப்புழு ஒன்றை டிபன்பாக்ஸில் கொண்டுவந்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது நெளிவதைப் பார்த்துப் பார்த்தே பேசி முடித்தாள்.