அம்மா எழுந்து போன சாட்சி நேரம்

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு வரும்போது தேங்காயெண்ணெயும் சோப்பும் கலந்த வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிடும். பட்டாசுக்குப் போடுகிற அலுமினியத் தூள் வெறும் தண்ணீருக்கு அசையாது. எண்ணெய் தடவி ஊறவைத்து, நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும், அப்படியும் காது மடிப்பிலும் நகக்கண்ணிலும் கொஞ்சம் வெள்ளி மிச்சம் இருக்கும். மறுநாள் கோயிலில் ஆண்கள் பக்கத்துப் பாயில் அவர் தலைகுனிந்து ஜெபிக்கையில், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர் காதோரம் மினுங்குவது தெரியும். ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்பார்கள். நான் அதைப் பார்ப்பதற்காகவே திறப்பேன்.

தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். பட்டாசுத் தொழிற்சாலையை அங்கே யாரும் தொழிற்சாலை என்பதில்லை, “பயராபீஸ்” என்றுதான் சொல்வார்கள். அதனால் எங்கப்பா ஆபீசுக்குப் போகிறவர் என்று வெளியூர்ப் பிள்ளைகளிடம் நான் பெருமையடித்திருக்கிறேன். எங்கள் சர்ச்சை மற்றவர்கள் “வேதக்கோயில்” என்பார்கள், எங்களை “வேதக்காரங்க” என்பார்கள். அம்மா மல்லாங்கிணற்றில் மாரியம்மாளாகப் பிறந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு “வேதத்துக்கு வந்தவள்”. ஞானஸ்நானத்தில் அவள் பெயரை மரியம்மாள் என்று மாற்றினார்கள். “எம் பேருல ஒரு துணைக்கால ஒடிச்சாக, அம்புட்டுதான்” என்று அவள் சிரிப்பாள்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், தீபாவளிச் சீசன் உச்சத்தில், அப்பா வேலை பார்த்த ஆபீசில் மருந்து கலக்கும் அறை ஒன்று வெடித்தது. அது அப்பாவின் அறை இல்லை. சாமுவேல் சித்தப்பாவின் அறை. அவர் சொந்தச் சித்தப்பா அல்ல, அப்பாவின் கூட்டாளி. அன்றைக்கு அக்கா மகள் சடங்குக்காக அவர் சாத்தூர் போயிருந்தார், ஆர்டர் நின்றுவிடக் கூடாதென்று அவர் இடத்தில் அப்பா உட்கார்ந்தார். முகத்தை எங்களுக்குக் காட்டாமலேயே பெட்டியை மூடிவிட்டார்கள்.

எங்கள் ஆராதனையில் “சாட்சி நேரம்” என்று ஒன்று உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். காய்ச்சல் விட்டது, கிணற்றில் தண்ணீர் ஊறியது, மகன் பரீட்சையில் தேறினான் என்று சொல்லி முடித்ததும் சபை மொத்தமும் “ஸ்தோத்திரம்” என்று சொல்லும். அடக்கம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. சாமுவேல் சித்தப்பா எழுந்தார். “அந்த ரூம்புல நான் இருந்துருக்கணும். கர்த்தர் என்னைய வெலக்கிக் காத்தாரு. ஒண்ணுக்கும் ஒதவாத என்னைய உசுரோட வச்சுருக்காரு” என்றார், அழுதுகொண்டேதான் சொன்னார். சபை வழக்கம்போல “ஸ்தோத்திரம்” என்றது. யார் மனசிலும் கெட்ட எண்ணம் இல்லை, வாய்க்குப் பழகிய சொல். அம்மாவின் வாயும் பழக்கத்தில் திறந்து, பாதியில் நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். “அப்பாவ ஏம்மா வெலக்கல?” என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி வலிக்கும்படி இறுகியது.

மல்லாங்கிணற்றிலிருந்து பெரிய மாமா வந்தார். மாமா கெட்டவர் இல்லை. கிணறு வற்றிய வருஷத்தில்கூட எங்களுக்கு ஒரு சாக்கு மக்காச்சோளம் கொண்டுவந்து போட்டவர். “மாரி, ஒன் சாமி கண்ணத் தொறக்கலையேம்மா. வா, இருக்கன்குடியில போயி ஆத்தாளக் கும்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு முடியெறக்கிட்டு நம்ம வீட்டுக்கே வந்துரு. இங்கன என்ன இருக்கு ஒனக்கு?” என்றார். அவர் கேட்டது நியாயம் என்றே எனக்கும் தோன்றியது, அந்த வீட்டில் ஆடுகள் வேறு இருந்தன. அம்மா, “அந்தச் சாமிகூட எனக்குச் சண்டை இருக்குண்ணே. சண்டை போடுறதுக்காச்சும் அவருகிட்ட இருக்கணும்ல” என்றாள். மாமாவுக்கு அது விளங்கவில்லை. கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமல் கிளம்பிப் போனார்.

அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். மழை பிடித்தால் வேலை இருக்காது, வேலை இல்லையென்றால் கஞ்சிதான். ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. பாட்டுப் பாடுவாள், பிரசங்கம் கேட்பாள். சாட்சி நேரம் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றுகொள்வாள், கடைசி ஜெபத்துக்குத் திரும்பி வருவாள். “மரியம்மாளுக்கு விசுவாசம் குளுந்துபோச்சு” என்று பேசிக்கொண்டார்கள். சபையை நடத்திய உபதேசியார் வீட்டுக்கே வந்து, “ஆண்டவர் தாம் நேசிக்கிறவங்களத்தாம்மா சோதிப்பாரு” என்றார். “கொஞ்சம் கம்மியா நேசிக்கச் சொல்லுங்கய்யா” என்றாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமுவேல் சித்தப்பாவும் அவள் பின்னாலேயே எழுந்து வந்தார். நான் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். “மதினி, உசுரோட இருக்கதுக்கு நான் நன்றி சொல்லக் கூடாதா?” என்று கேட்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அம்மா அவரை ஏசுவாள் என்று நினைத்தேன், ஏச வேண்டும் என்றே விரும்பினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சொல்லணும் தம்பி. சொல்லாம இருந்தாத்தான் பாவம். நீங்க உள்ள போயிச் சொல்லுங்க. எனக்குக் கேக்கத்தான் முடியல” என்றாள். அவர் உள்ளே போனார். அம்மா அழுதாள். அப்பா இறந்தபிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பின்னாட்களில் குழாயடியில் அம்மா தனியாக நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெடி விபத்து ஓய்கிற காரியமா? ஒவ்வொன்றுக்கும் பிறகு யாராவது ஒருத்தி, புருஷனையோ மகனையோ கொடுத்தவள், சாட்சி நேரத்தில் எழுந்து வந்து அம்மா பக்கத்தில் நிற்பாள். பேசிக்கொள்ள மாட்டார்கள். ஜெபம் தொடங்கியதும் சேர்ந்து உள்ளே போவார்கள்.

அந்தக் கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள், குழாயடி இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். உபதேசியாரும் சாமுவேல் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மா விருதுநகரில் என்னோடு இருக்கிறாள்; நான் கோயிலுக்குப் போவதே அவளைக் கூட்டிப் போவதற்காகத்தான், என் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே பாய்கள் இல்லை, நாற்காலிகள். சாட்சியை மைக் வைத்துச் சொல்கிறார்கள், ஸ்பீக்கரில் தெருமுனை வரை கேட்கிறது. மூட்டு வலியால் அம்மாவால் எழுந்து வெளியே போகவும் முடியாது. மைக் கைமாறத் தொடங்கியதும் அவள் காதிலிருக்கும் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் நேராகப் பீடத்தைப் பார்த்தபடி இருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து என் முழங்கையைத் தட்டி, காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில், நாலு வரிசை திரும்பிப் பார்க்கும்படி “முடிஞ்சுருச்சா?” என்று கேட்பாள். நான் தலையசைப்பேன். கருவியை மறுபடி மாட்டிக்கொண்டு, தலைகுனிந்து, கர்த்தரோடு பேச ஆரம்பிப்பாள்.