பன்னிரண்டாவது லைட்

சுதாராணிக்கு உட்காரத் தெரியாது. ஸ்டாஃப் ரூமில் அவளுடைய நாற்காலி பதினோரு வருஷமாகப் புதிதாகவே இருக்கிறது. வாழவந்தியில் மிளகு பறிக்கும் குடும்பத்தில் பிறந்து, எங்கள் மலைப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே இயற்பியல் ஆசிரியையாக வந்தவள். நான் தமிழாசிரியன். டீயைக்கூட நடந்துகொண்டே குடிக்கிற மனுஷியோடு வேலை பார்ப்பது எனக்கு எரிச்சல்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஆண்டு விழா நாடகத்தில் நடிக்கிற நாலு பேருக்குத்தான் கைதட்டலா, மற்றப் பிள்ளைகளுக்கு மேடையில் வேலையே கிடையாதா என்று கேட்டாள். லைட், சவுண்ட், திரை எல்லாம் சோறு போடுகிற தொழில், அதைப் பள்ளியிலேயே கற்றுத்தர வேண்டும் என்றாள்.

"ஏனுங்கம்மா, நம்ம பள்ளிக்கூடத்துல ட்யூப் லைட்டே மினுக்கிக்கிட்டுத்தான இருக்குது?" என்றேன். அவள் அதற்குள் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

சேலத்தில் மேடை விளக்குக் கம்பெனி நடத்தும் டோமினிக்கைப் பார்க்க அவள் எத்தனை முறை பஸ் ஏறி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், டோமினிக் நகர்ந்தார். பன்னிரண்டு லைட்டுகள் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் மலையேறி வந்து தானே கற்றுத்தந்தார். ஆண்டு விழாவைப் பிள்ளைகளே ஒழுங்காக நடத்திக் காட்டினால், வருஷம் ஒருவரைத் தன் செலவில் டிப்ளமோ படிக்கவைத்து வேலையும் தருவதாகச் சொன்னார். நிபந்தனை ஒன்றுதான். அவர் கைவைத்துப் பார்க்காமல் எந்த லைட்டும் மேலே ஏறக்கூடாது. ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு மாணவர் பொறுப்பு, பெயர் சுவரில் ஒட்டியிருக்கும்.

இந்த வருஷம் அந்த இடம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு சசிரேகா, கரடியூர்ப் பெண். பரீட்சை முடிந்ததும் எஸ்டேட் வேலைக்கு வந்துவிடு என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு இருந்த ஒரே வேறு வழி டோமினிக்தான்.

விழா அன்று காலையில் மலைப்பாதையில் மரம் விழுந்துவிட்டது. டோமினிக்கின் வேன் குப்பனூர் வழியாகச் சுற்றி வர வேண்டியதாயிற்று. மணி பதினொன்று. வேஷம் போட்ட பிள்ளைகள் ஒத்திகைக்குத் தயாராக நின்றார்கள். சுதாராணி வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தலை சுற்றியது.

"ஏத்திரலாம் கண்ணு. சார் வந்து பார்த்துக்கட்டும்."

"சார் வரட்டுமுங்க டீச்சர்" என்றாள் சசிரேகா.

"நேரமில்ல சாமி!"

டீச்சர் சொன்னதைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் பதினொரு லைட்டுகளை ஏற்றிவிட்டார்கள். பன்னிரண்டாவது சசிரேகாவின் லைட். அதைக் கம்பியில் பிடித்து நிறுத்தும் கிளாம்பும் பாதுகாப்புச் சங்கிலியும் சரிசெய்யப்பட்டு வேனில் வந்துகொண்டிருந்தன. சசிரேகா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுதாராணியே ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, கண்மூடித் திறப்பதற்குள் கட்டிவிட்டு இறங்கினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒத்திகையில் திரையை இழுத்தபோது கயிற்றின் நுனியும் அதோடு சேர்ந்து போயிற்று. லைட் விழுந்து நொறுங்கியது. ராஜா வேஷக்காரப் பையன் அப்போதுதான் தண்ணீர் குடிக்க அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருந்தான்.

கண்ணாடிச் சில்லைக் கூட்டி முடிப்பதற்குள் டோமினிக் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார்.

"பன்னெண்டு, சசிரேகா. நீயாம்மா கட்டுன?"

அந்தப் பெண் சுதாராணியைப் பார்த்தாள். பிறகு, "நானுங்க சார்" என்றாள்.

ஒரு வருஷப் பாடமும், டிப்ளமோவும், வேலையும் அந்த ஒரு சொல்லில் போயின. நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் செய்தது என்று தெரிந்தால் பள்ளிக்கே ஸ்பான்சர் போய்விடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு.

சுதாராணி கீழே கிடந்த கயிற்றை எடுத்தாள். தூணில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு, கயிறு அவிழ்ந்து அவள் கையோடு வந்தது.

"மரத்துல ஏணி கட்டற முடிச்சுங்க இது. மொளகு பறிச்சுட்டு அடுத்த மரத்துக்கு வெரசாப் போகோணும்னு எங்கூட்டுல இப்படித்தானுங்க கட்டுவாங்க. கை தானாப் போட்டுருச்சுங்க. நாந்தான் கட்டுனனுங்க. அந்தப் புள்ள வேண்டாம்னு சொல்லுச்சு."

டோமினிக் அந்தக் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உங்கள நம்பித்தானுங்க டீச்சர் கொடுத்தேன். இனி உங்க பொறுப்புல ஒரு லைட்கூட விட முடியாதுங்க."

"சரிங்க. புள்ளைங்க பொறுப்புல உடுவீங்களா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். பதினொன்றையும் இறக்கச் சொன்னார். சசிரேகா ஒவ்வொன்றாக இறக்கி, அவர் கைவைத்துப் பார்த்த பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினாள். சுதாராணி மேடைப் பக்கமே போகாமல் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

பதினொரு லைட்டில் நாடகம் நடந்தது. ஒரு பிசகும் இல்லை. முடிந்ததும் டோமினிக் சசிரேகாவின் பெயரை டிப்ளமோவுக்கான படிவத்தில் எழுதினார். அடுத்த வருஷமும் வகுப்பு உண்டு என்றார். "பொறுப்பாசிரியர் மட்டும் வேற ஆளுங்க" என்றார்.

ஆசிரியர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். சுதாராணி நேரே என்னைக் காட்டினாள்.

"இவருங்க. இவருக்கு அவசரமே வராதுங்க."

யாரோ சிரித்தார்கள். மறுக்க எனக்கு நாக்கு எழவில்லை. காலையில் எழாத நாக்கு. பொறுப்பாசிரியர் என்று கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் அவள் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

"ஐயா, சனிக்கிழம எட்டு மணிக்கெல்லாம் வந்து ஹாலத் தொறக்கோணுமுங்க. புள்ளைங்க நேரத்துலயே வந்துருவாங்க. நொம்ப தூரத்துல இருந்து நடந்து வர்ற புள்ளைங்க, டீ வாங்கிக் கொடுத்துருங்க."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நானா? ஊட்டுல இருப்பனுங்க" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.