சுடாத மணல்

பெண்ணையாறு கர்நாடகத்து மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாக எங்கள் மணலூர்பேட்டைக்கு வந்து, கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது என்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதற்கு முன்பு ஆறு என்றால் எனக்கு மணல்தான். சித்தப்பா அதன் நடுவில் குழி போட்டு வெள்ளரி வைத்திருந்தார். எங்கள் ஊரில் மழை பெய்தால்தான் ஆறு வரும் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது.

ஓர் ஆடி மாதத்து உச்சி வெயிலில் அம்மாவும் நானும் அவருக்குக் கூழ் கொண்டுபோனோம். அந்த மணலை நான் எப்போதும் குதித்துக் குதித்துத்தான் கடப்பேன். அன்று குதிக்க வேண்டியிருக்கவில்லை.

“அம்மா, மணலு ஜில்லுன்னு இருக்குது.”

அம்மா குனிந்து உள்ளங்கையை மணலில் வைத்துப் பார்த்தாள். ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. நரிக்குக் காவலாக ஓலைப் பந்தலில் கட்டியிருந்த நாய், எங்களைக் கண்டும் வாலாட்டாமல் மேற்கே பார்த்தபடி நின்றது.

“தம்பி, கெளம்புங்க. ஆறு வருது.”

சித்தப்பா சிரித்தார். “வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல. இன்னா அண்ணி, ஆறு பஸ்சு புடிச்சிக்கினா வருது?”

சொல்லிக்கொண்டே கூழை வாங்க இரண்டடி வைத்தார். அவருடைய காலடித் தடத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது. சிரிப்பு நின்றது.

என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அம்மா பின்னால் ஓடிவந்தாள். “நாயி, சித்தப்பா, நாயி!” என்று அவர் முதுகில் குத்தினேன். அவர் திரும்பவில்லை.

கரையேறிய பிறகுதான் சத்தம் கேட்டது. எந்த ஊர் மழையோ, நுரையும் முள்ளுமாகச் செம்மண் நிறத்தில் வந்தது. பந்தல் சாயவில்லை. யாரோ தூக்கிக்கொண்டு நடப்பதுபோல, நின்றபடியே கிழக்கே போனது. நாய் கடைசிவரை குரைக்கவேயில்லை.

“கடலூரு வரைக்கும் போயிட்டு வந்துடும்,” என்றார் சித்தப்பா. நான் நம்பினேன்.

தண்ணீர் வடிந்ததும் மூவரும் ஆற்றில் இறங்கினோம். சற்றுக் கிழக்கே பந்தல் கால் ஒன்று மணலில் பாதி புதைந்து நின்றது. அதில் கட்டிய கயிறு மணலுக்குள் போயிருந்தது. சித்தப்பா அதை இழுத்துப் பார்க்கவில்லை.

அம்மா எங்கள் கரையோரமாக ஊற்றுத் தோண்டி, தெளிந்த தண்ணீரைச் சொம்பில் மொண்டு அவரிடம் நீட்டினாள். “வேணாம் அண்ணி,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. இவ்வளவு ருசியான தண்ணீரை ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.