இந்திராணி சொன்ன நைனா

பிளெஸ்ஸியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சித்தூர் நீதிமன்றத்தில் தமிழ் மட்டும் தெரிந்த சாட்சி வந்தால், அவர் சொல்வதைத் தெலுங்கில் சொல்ல அவளைக் கூப்பிடுவார்கள். ஏழு வருடமாகச் செய்கிறாள். முறை வரும்வரை வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பாள். முப்பத்தாறு வயது. மிஷன் காலத்துச் சபைக் குடும்பம். ஞாயிறு ஆராதனையிலும் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சுதான் அவள் இடம்.

சனிக்கிழமைகளில் திருப்பதிக்கு பஸ் ஏறுவாள். அங்கே ஒரு மாடி அறையில், நகரிக்காரன் தனசேகரும் அவனுடைய இரண்டு நண்பர்களும் வீடியோ கேம் தயாரித்தார்கள். கோர்ட்டில் சாட்சிகளை விசாரித்து மர்மத்தைக் கண்டுபிடிக்கும் கேம். முதல் பாகத்தின் நாயகன் ஒரு வக்கீல். இரண்டாம் பாகத்துக்குப் புது ஆள் தேடியவர்கள், தமிழ் வசனம் திருத்த வந்த பிளெஸ்ஸியைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்கள். புது நாயகி யமுனா, கோர்ட்டில் மொழிபெயர்ப்பவள். சாட்சி ஏதாவது சொன்னால் திரையில் சில அர்த்தங்கள் வரும். ஆடுகிறவர் சரியானதை அழுத்த வேண்டும்.

ஆகஸ்டில் ஒருநாள் புதுக் காட்சி ஒன்றை ஆடிப் பார்க்கச் சொன்னான் தனசேகர். தறிக்கூடத்தில் திருட்டு. "நைனாதான் கதவத் தொறந்துச்சி" என்கிறாள் சாட்சி. பிளெஸ்ஸி யோசிக்காமல் 'அப்பா' என்பதை அழுத்தினாள். தவறு என்றது திரை.

"இன்னா தனசேகர், நைனான்னா அப்பாதானே?"

"அப்பாவும்தான்க்கா. ஆனா எங்க பக்கத்து வூட்டு அத்தை இன்னிக்கும் என்னை நைனான்னுதான் கூப்புடுது. வயசுப் பசங்க எல்லாருமே அதுக்கு நைனாதான். எந்த நைனான்னு யமுனா திரும்பக் கேக்கணும். அதான் க்ளூ."

பிளெஸ்ஸி எழுந்துவிட்டாள். பையை எடுத்தாள்.

"இன்னாக்கா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. நான் போறேன்."

மூன்று வாரத்துக்கு முன், நகரியை அடுத்த விஜயபுரம் பக்கத்து வழக்கு ஒன்று. ஒருவரின் வேர்க்கடலைக் குவியலுக்குத் தீ வைத்ததாகச் சின்னசாமி என்ற இளைஞன் மேல் குற்றச்சாட்டு. அப்போது தான் ஊரிலேயே இல்லை என்றான் அவன். அவனுடைய பக்கத்து வீட்டு இந்திராணி அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் நின்று, "நைனா காலைலயே பஸ் ஏறிப் போயிட்ச்சி, வேற யாரையும் பாக்கல" என்றாள். என் தந்தை காலையில் பஸ்ஸில் போய்விட்டார் என்று பிளெஸ்ஸி தெலுங்கில் சொன்னாள். ஒரு சாட்சியின் அப்பா எங்கே போனால் யாருக்கென்ன? யாரும் மேலே கேட்கவில்லை. எழுதியதை வரிவரியாகத் தமிழில் படித்துக்காட்ட வேண்டும். மதிய இடைவேளை நெருங்கிய அவசரத்தில், "எல்லாம் சரிதானே?" என்று மட்டும் கேட்டாள். இந்திராணி தலையாட்டினாள்.

சித்தூர் திரும்பும் வழியில், சந்திரகிரியில் பஸ்ஸில் பாதி இடம் காலியானது. அப்போதும் பிளெஸ்ஸி நின்றுகொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்ப் பாதியில் வெளியே வந்தாள். விஜயபுரத்துக்குப் போய் இந்திராணியையே கேட்டுவிட்டால் என்ன? ஆனால் மொழிபெயர்ப்பவள் சாட்சியைத் தேடிப் போகக் கூடாது. ஒருவேளை இந்திராணி சொன்னது அப்பாவைத்தானோ? அப்படியானால் வாயைத் திறக்கவே வேண்டாம். அந்த நினைப்பு கொடுத்த ஆறுதல் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

திங்கள் காலை, சின்னசாமியின் வக்கீல் கோபிகிருஷ்ணன் ஸ்கூட்டரை நிறுத்தும் முன்பே போய் நின்றாள்.

"சார், இந்திராணி சொன்ன நைனா அப்பாவா இல்லாமக்கூட இருக்கலாம். நான் கேட்டிருக்கணும். கேக்கல."

அவர் அவளையே பார்த்தார். "ஏம்மா, இத வெளில சொன்னா உன்னை இனிமே எவன் கூப்புடுவான்?"

"தெரியும் சார். ஜட்ஜ்கிட்டயும் நானே சொல்றேன்."

சொன்னாள். வக்கீல் மனுப் போட்டார். இந்திராணியை மறுபடி அழைத்தார்கள். இம்முறை மொழிபெயர்த்தது வேறொருவர். பிளெஸ்ஸி கதவோரம் நின்று கேட்டாள்.

"எங்கப்பா செத்து ஒம்பது வருசம் ஆவுது. நைனான்னு சொன்னது இதோ நிக்கிதே, இந்தச் சின்னசாமியத்தான்."

டிசம்பரில் சின்னசாமி விடுதலையானான். வராந்தாவில் அவளைக் கண்டதும் நின்றான். திட்டுவான் என்று நினைத்தாள். "அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த மாதங்களில் கோர்ட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவள் திருப்பதிக்கே அடிக்கடி போனாள். தவறு செய்தால் உடனே திரை காட்டிக்கொடுக்கக் கூடாது என்றாள் தனசேகரிடம். "யமுனா தப்பா சொன்னா கோர்ட்ல அதையே எழுதிக்கட்டும். கேம் பாட்டுக்குப் போய்க்கினே இருக்கட்டும். ரொம்பத் தூரம் போனப்புறம்தான் தெரியணும்."

"ஆடறவங்க கோவிச்சிக்குவாங்கக்கா."

"கோவிச்சிக்கட்டும்."

மார்ச்சில் கேம் வெளியானது. சிலர் கோபித்துக்கொண்டார்கள், பலர் மறுபடி முதலிலிருந்து ஆடினார்கள். ஏப்ரலில் கோர்ட்டும் அவளைக் கூப்பிட்டது. இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சாட்சியை அவள் இரண்டு முறை கேட்கிறாள். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தாலும் விடுவதில்லை.

ஆனாலும் நடை குறையவில்லை. அதற்கு முந்தைய ஏழு வருடங்கள் இருக்கின்றனவே! பழைய வாக்குமூலங்கள் சிலவற்றின் நகலை வாங்கிப் படித்துப் பார்த்தாள். அவற்றில் இருந்தது அவள் சொன்ன தெலுங்கு மட்டும்தான். சாட்சிகள் பேசிய தமிழை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.