மேசையில் வைத்த மருந்து

லாட்ஜ் கட்டுகிறவர்கள் யாரும் லாட்ஜில் தங்கியதே கிடையாது என்பது என் முடிவு. தங்கியிருந்தால் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியாவது அடித்திருப்பார்கள். துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு குளிக்கிற அவஸ்தை அவர்களுக்குத் தெரியாது. சார்ஜ் போடுகிற பிளக்கை டிவிக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கட்டிலை எதிர்ச் சுவரில் போடுவார்கள். நான் அச்சு மை விற்கிறவன். ஊர் ஈரோடு. மாதத்தில் நாலு நாள் சிவகாசியிலும் திருத்தங்கலிலும் அச்சகம் அச்சகமாக ஏறி இறங்குவேன். பதினோரு வருடமாகச் சிவகாசியில் ஒரே லாட்ஜில் தங்கி, பதினோரு வருடமாக இதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

லாட்ஜ் முதலாளி காசிராஜன். போன வருடம் அவர் மகள் ரோஷினி நிர்வாகத்துக்கு வந்ததும் அறைக்கு அறை ஒரு அட்டை வைத்தாள். 'இந்த அறையில் இன்னும் என்ன இருந்திருக்கலாம்?' என்று மேலே அச்சடித்து, கீழே நாலு கோடு போட்டிருந்தது. நான் கோடு போதாமல் பின்பக்கமும் எழுதினேன். கொக்கி, பிளக், துணி காயப்போடக் கயிறு. பொங்கலிலிருந்து எனக்கு இன்சுலின் ஊசி என்று ஆகிவிட்டதால், ஒரு சின்ன ஃபிரிட்ஜ். இதை மூன்று தடவை எழுதினேன்.

அந்த அட்டைகளைச் சேகரித்து ரோஷினியிடம் கொடுப்பது கருப்பம்மாளின் வேலை. இது அவளைப் பற்றிய கதை. அவளுக்கு நான் செய்த கெடுதலைப் பற்றிய கதையும்கூட. அதனால் என் மேல் நல்ல அபிப்பிராயம் வேண்டாம்.

கருப்பம்மாள் அறை கூட்டுகிறவள். ஐம்பதை நெருங்கும் வயது. அஞ்சாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அட்டையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்தானே, அவள் அப்படி விடுவதில்லை. முதலில் தான் படிப்பாள். முதலாளி வாங்கித் தருகிறபோது தரட்டும் என்று தன்னால் முடிந்ததைத் தானே செய்துவைப்பாள். மறுமாதம் நான் போனபோது ஜன்னல் கம்பியிலிருந்து கம்பிக்கு ஒரு கயிறு கட்டியிருந்தது. இன்னொரு தடவை யாரோ சட்டைப் பொத்தான் அறுந்துபோனதாக எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எல்லா அறை மேசையிலும் நூல் சுற்றிய ஊசி ஒன்று காகிதத்தில் குத்தியிருக்கும்.

அவளிடம் இரண்டு விசித்திரம் உண்டு. கட்டிலுக்கு அடியில் கூட்ட வேண்டுமானால் கட்டிலை இழுக்க மாட்டாள். ஒரு பக்கமாகத் தூக்கி, நகர்த்தி, மெதுவாக இறக்குவாள். இடுப்பு ஒடிந்துபோகும், இழுத்துவிட வேண்டியதுதானே என்று ஒருநாள் கேட்டேன்.

"பத்தொம்பது வருசம் பட்டாசு ரூம்ல இருந்த கை சார். அங்கன எதையும் இழுக்கக் கூடாது. ஒரசுனா போச்சு."

இன்னொன்று, அறைக்குள் அவள் வேலை பார்க்கும்போது கதவைச் சாத்த விடமாட்டாள். காற்றில்கூடச் சாத்திக்கொள்ளாதபடி வாளியை முட்டுக்கொடுத்து வைப்பாள். அது ஏன் என்பதையும் சொன்னாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் அவள் பேன்சி வெடிக்குப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். சீசன் நேரம். பக்கத்து ரூமில் ஒரு வாசலை அடைத்து, முடிந்த பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மருந்து கலக்கிக்கொண்டிருந்த இடத்தில் தீப் பிடித்தபோது, உள்ளே இருந்தவர்களுக்கு மிச்சமிருந்த ஒரே வாசல் தீ இருந்த பக்கம். அவள் வீட்டுக்காரரின் தங்கை செல்வலட்சுமி அந்த ரூமில் இருந்தாள். கருப்பம்மாள் அதற்குப் பிறகு கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேனில் ஏறவில்லை.

"ரோஷினிம்மா அட்டையில நீங்க எழுதுறதா இருந்தா என்ன எழுதுவீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. "இன்னொரு வாசல் சார்" என்றாள்.

ஆனால் அவள் உண்மையில் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. அவள் மகள் அருணாதேவி, இருபத்தொரு வயது, பன்னிரண்டாவது படித்தவள். தாய் விட்ட வேனில் மகள் ஏறிக்கொண்டிருந்தாள். ஊரில் அந்த ஒரு வேன்தான் வேலைக்குப் போகிறது. அவளை அங்கிருந்து எடுத்து லாட்ஜில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் கருப்பம்மாளின் ஒரே நினைப்பு. வரவேற்பு மேசைக்கு ஒரு பெண் வேண்டும் என்று ரோஷினி சொன்ன நாளிலிருந்து, என்னிடம் மட்டும் நாலைந்து தடவை இதைப் பேசியிருப்பாள். "நீங்க பழகுன ஆளு. முதலாளி காதுல ஒரு வார்த்த போட்டு வைங்க சார்" என்பாள். போடுகிறேன் என்று தலையாட்டுவேன். போட்டதில்லை. மறந்துவிடும்.

இந்த ஆவணியில் ஒரு நாள் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். பட்டாசு ஆர்டர் கொடுக்கிற வியாபாரிகளால் லாட்ஜ் நிரம்பி வழிந்தது. என் வழக்கமான அறை இல்லை. வடக்கேயிருந்து வந்த பட்டாசு வியாபாரிகள் முந்தின நாள் காலி செய்துபோன 207-ஆம் அறையின் சாவியை இரவுக்காவல் பலவேசம் கொடுத்தார். பழகின ஆள்தானே என்று பெயரைக்கூடப் பதியவில்லை. அவர் முறை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

குளித்து, ஊசி போட்டுக்கொண்டு கிளம்பும்போது எட்டே கால். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் எட்டரைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். வழக்கமாக இன்சுலின் பையைக் கீழே அலுவலக ஃபிரிட்ஜில் கொடுத்துவிட்டுப் போவேன். அன்றைக்கு அலுவலகம் திறக்கவில்லை. அட்டை ஒன்றை எடுத்து, கறுப்புப் பையின் மேல் எழுதி வைத்தேன்: 'மருந்து. சூடு படக் கூடாது. குலுக்காமல் எடுத்துக் கீழே கொண்டுபோய் வைக்கவும்.' துணியும் மையும் எனக்கு ஒரே பெட்டி; அதைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இந்த ஊரில் மருந்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? பதினோரு வருடமாக டீக்கடையில் கேட்கிற வார்த்தை. மருந்து ரூம், மருந்துக் கலவை, மருந்து வண்டி. இங்கே மாத்திரை விற்கிற கடைக்கும் மருந்துக் கடை என்றுதான் பெயர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சூடு படக் கூடாது, குலுக்கக் கூடாது என்று சேர்த்து எழுதினால் அது எந்த மருந்து? ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும்.

பத்து மணிக்குக் கருப்பம்மாள் அந்த அறைக்குள் போயிருக்கிறாள். வியாபாரிகள் காலி செய்துபோன அறை என்றுதான் அவளுக்குத் தெரியும். சாம்பிள் வெடிகளையும் பொடியையும் அறையில் வைக்கக் கூடாது, பார்த்தால் உடனே சொல்லுங்கள் என்று அதற்கு முந்தின வாரம்தான் ரோஷினி எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். மேசையில் கறுப்புப் பை. ஜன்னல் வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள்.

அவள் ஓடவில்லை. ஃபேன் சுவிட்சைத் தொடவில்லை. வெளியே வந்து அந்த மாடியிலிருந்த ஒவ்வொரு கதவையும் கையால் தட்டி எல்லோரையும் கீழே அனுப்பியிருக்கிறாள். ஒருவர் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். எல்லோரும் போன பிறகு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தனியாக உள்ளே போய், பையைத் தூக்கி முக்கி, அந்த வாளியைக் குலுங்காமல் படிப்படியாக இறக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் குழி பறித்துப் புதைத்து, மேலே இன்னும் இரண்டு வாளி ஊற்றினாள். வெட்டவெளி, சுள்ளென்ற வெயில். அந்தப் படிகளில் இறங்கும்போது தன் சாவைத்தான் கையில் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் முழுக்க அந்த லாட்ஜில் அவள்தான் ராணி. காசிராஜன் கேள்விப்பட்டு வந்து அவளைக் கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார். நாலு லாட்ஜ் முதலாளிகளுக்குப் போன் போட்டு, எங்க லாட்ஜ் ஆளு எப்படின்னு பாத்தீகளா என்று பெருமையும் பேசிவிட்டார். "என்ன வேணும் கருப்பம்மா?" என்று அவர் கேட்க, மகளைப் பற்றி அவள் சொல்லியிருக்கிறாள். இன்னைக்கே வரச்சொல்லு என்று அவர் சொல்லிவிட்டார்.

நான் அஞ்சு மணிக்கு உள்ளே நுழைந்தபோது வரவேற்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடிப்புக் கலையாத சுடிதார், மடியில் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் உறை. அருணாதேவிதான் அது என்று பிறகுதான் தெரியும். காசிராஜனும் ரோஷினியும் எதிரே இருந்தார்கள். நாளையிலிருந்தே வந்துவிடு என்று ரோஷினி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நேரே மாடிக்குப் போய், மேசை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்தேன். பசி வேறு, வெயிலில் அலைந்த எரிச்சல் வேறு.

"ரூம்ல வச்ச என் மருந்து எங்கீங்க?"

கருப்பம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"உங்களுதா சார்? தண்ணில போட்டு மண்ணுல பொதச்சுட்டேன்."

"மருந்துன்னு எழுதி வச்சிருக்கேனே, படிக்கலையா?"

"படிச்சேன் சார். மருந்துன்னு இருந்ததாலதான் போட்டேன்."

விஷயம் புரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், காலையில் துண்டோடு இறங்கின அந்த ஆள் முதலில் சிரித்தார். பிறகு நாலைந்து பேர். காசிராஜனின் முகம் கறுத்தது. ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னவர் அல்லவா. நான் அத்தோடு விட்டிருக்கலாம். கடையில் வேறு இன்சுலின் கிடைக்கும், எனக்குத் தெரியும். "பைத்தியக்காரத்தனம். சர்க்கரை மருந்துக்கும் வெடிமருந்துக்கும் வித்தியாசம் தெரியாதவங்களை எல்லாம் எதுக்கு வேலைக்கு வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். கத்தியது நான்தான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

காசிராஜன் சத்தம் போடவில்லை. "ஒரு வீட்ல ஒரு ஆளு போதும் கருப்பம்மா. மகளக் கூட்டிட்டுக் கெளம்பு" என்றார். ரோஷினி அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த பதிவேட்டை மூடினாள்.

அருணாதேவி எழுந்து அம்மாவின் கையிலிருந்த செம்பை வாங்கி மேசையில் வைத்தாள். வாசலில் செருப்புப் போடும்போது அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "விடும்மா. அந்தச் சீட்டப் பாத்திருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

பலவேசம் வந்து நடந்ததைக் கோர்வையாகச் சொன்ன பிறகுதான், யார் வேலையில் மண் அள்ளிப் போட்டேன் என்று எனக்கு உறைத்தது. மறுநாள் காசிராஜனிடம் போய்த் தப்பு என்னுடையது, சீட்டை எழுதத் தெரியாமல் எழுதினவன் நான் என்று சொன்னேன். "உங்களுக்கு நல்ல மனசு சார்" என்றார். வரவேற்பு வேலைக்குத் திருத்தங்கலிலிருந்து ஒரு பெண்ணைப் பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார். பதினோரு வருடத்தில் அவர் காதில் நான் போட்ட ஒரு வார்த்தை, போட வேண்டிய நாள் போய்விட்ட பிறகு போட்டது.

புரட்டாசியில் மறுபடி போனேன். எல்லா அறையிலும் சின்ன ஃபிரிட்ஜ் வந்திருந்தது. நீங்க எழுதினதுதான் சார் முதல்ல செஞ்சோம் என்று ரோஷினி சந்தோஷமாகச் சொன்னாள். குளியலறையில் கொக்கியும் இருந்தது. எதையும் தொடப் பிடிக்கவில்லை எனக்கு.

கருப்பம்மாள் வந்தாள். வாளியை முட்டுக்கொடுத்தாள், கட்டிலைத் தூக்கி வைத்தாள். சொல்லித்தானே ஆக வேண்டும் என்று, என்னை மன்னிச்சிருங்க என்றேன்.

"நீங்க என்ன செய்வீக சார். ஒடம்புக்கு முடியாத ஆளு" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பொண்ணு?"

"போறா சார். தீவாளி சீசன். வேன் வெடியக்காலையிலயே வந்துருது."

"பாத்து இருக்கச் சொல்லுங்க."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றாள். "ஒரு ரூம்ல நாலு பேருதான் இருக்கணும்னு சட்டம் சார். தெனமும் கேப்பேன், ஒன் ரூம்ல எத்தன பேரு ஆத்தான்னு. நாலு பேருதாம்மான்னு சொல்லுவா."

"அப்ப சரிதானே."

"சீசன்ல நாலு பேர வச்சு எந்தக் கம்பெனியும் ஓட்ட மாட்டாக. எட்டுப் பேராவது இருக்கும். நான் வேலைக்குப் போன காலத்துல எங்கம்மா கேக்கும்போதெல்லாம் நானும் நாலுன்னுதான் சொன்னேன்." கீழே குனிந்து குப்பையை முறத்தில் அள்ளினாள். "அவ சொல்லுவா. நானும் நம்புன மாதிரி தூக்குச்சட்டிய எடுத்துக் குடுத்து வேன்ல ஏத்தி விட்டுட்டு வருவேன்."