முகமூடிக் கொள்ளையனுக்கு ஒரு விளம்பரம்

மறுநாள் விடிந்ததும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும், அதற்குப் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுற்றுவட்டாரத்தில் எங்கே மஞ்சுவிரட்டு நடந்தாலும் மைக் பிடித்தே பிழைத்த மனிதர் அவர்.

அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு ஒரு பழைய படத்தை டிவியில் போடச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி கும்பிட வேண்டிய நேரத்தில் ரப்பர் முகமூடியும் சண்டையும் கேட்கிறதா என்று வாயில் வந்தபடி திட்டினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சித்திரக்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்த இங்கிலீஷ் படம் அது. வாலிபத்தில் காரைக்குடித் தியேட்டருக்காக வாடகைக் காரில் குழாய் ரேடியோ கட்டி, ஊர் ஊராக அதற்கு விளம்பரம் செய்தார். கதையை அவருக்கு யாரும் சொல்லவில்லை. போஸ்டரைப் பார்த்து அவரே ஒன்றைக் கட்டிவிட்டார். மூஞ்சியை மூடிக்கொண்டு திரிகிறவன் நல்லவனாகவா இருப்பான்? அதனால் முகமூடிக்காரன் கொள்ளையன், கோட்டுப் போட்டவன் கதாநாயகன். எங்கள் ஊர் ஒக்கூரில் அதைக் கேட்டுவிட்டுப் படத்துக்குப் போன நாங்கள், முகமூடிக்காரன் அடி வாங்கும்போதெல்லாம் கைதட்டினோம். படம் முடியப்போகும் சமயத்தில்தான் அவன்தான் கதாநாயகன் என்று விளங்கியது. வெளியே வந்த சனம் விளம்பரக்காரரைத் தேடியது. கல்யாணத்துக்குப் பிறகும் இதைச் சொல்லியே அவரை ஓட்டுவேன்.

இப்போது பார்த்தால் படம் சகிக்கவில்லை. அடிக்குமுன்பே ஆள் விழுகிறான். அவர் சத்தத்தை அமர்த்திவிட்டு, முகமூடிக் கொள்ளையன் வருகிறான் என்று அந்த நாள் விளம்பரத்தைத் தானே பேச ஆரம்பித்தார். தகரத்தில் ஆணி இழுத்தாற்போல இருந்தது குரல். டாக்டர் தொண்டையை வருத்தக் கூடாது என்றிருந்தாரே, அந்தப் பதற்றத்தில் சொல்லிவிட்டேன்.

"பேசாமப் பாருங்களேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"இனிமே அப்படித்தானே பாக்கப் போறேன்."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பேசுங்க, நிறுத்தாமப் பேசுங்க என்றேன். மகள் பதிவு செய்யப் போனை நீட்டினாள். செத்தவன் சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று தட்டிவிட்டார். படம் முடியும்வரை பேசினார். இருமலில் ரத்தம் வந்தது, முந்தானையால் துடைத்தேன். அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்று. ஆஸ்பத்திரியில் சேர்ந்தும் குரல் திரும்பவில்லை. மிச்சமிருந்ததை அந்தப் பாழாய்ப்போன படத்துக்கே கொடுத்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து உதட்டை அசைத்தார். நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கேட்டதுபோல, சரி சரி என்று தலையாட்டினேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது எழுதிக் காட்டத்தான் செய்கிறார். டீ வேண்டும், மாத்திரை தீர்ந்துவிட்டது என்று. அன்றைக்கு என்ன சொன்னீக என்று மட்டும் நான் கேட்க முடியாது. எனக்குக் கேட்டுவிட்டது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.