பெயருக்குக் காத்திருந்த பிள்ளை

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் குணமணிக்கு 2004இல் இரண்டாவது பையன் பிறந்தான். முப்பதாம் நாள் கழிந்தும் அவள் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை.

"பேரு வச்சுட்டா மனசு ஒட்டிக்கும் அக்கா," என்று தொழிலாளர் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ரெங்கம்மாவிடம் சொன்னாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளோடு பிறந்த ஆண்பிள்ளைகள் இருவரும் நடை பழகும் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார்கள். மூத்த மகன் மதுரனும் காதில் சீழ், நெஞ்சில் சளி என்று மாறி மாறிப் படுத்தான். பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் இரகுநாதன்தான் நோயைக் கண்டுபிடித்தார்.

"பிடிகே எண்டொரு மரபணு இருக்கு. அது செய்யிற புரதம், சில வெள்ளணுக்களுக்கு வெளியில கிடைக்கிற சேதியை உள்ளுக்குக் கடத்தும். மதுரனுக்கு அந்தப் புரதம் இல்லை."

"காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல கங்காணி இல்லாத மாதிரிங்களா? ஆளுங்க நிக்கிறாங்க, வேலை சொல்ல ஆளில்ல?"

"கிட்டத்தட்ட. ஆனா இங்க சேதி போகாததால ஆக்களே வளரேல்லை. அவை வளந்தாத்தானே கிருமியை எதிர்க்கிற பிறபொருளெதிரி உண்டாகும்?"

பிறருடைய இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரியை மாதா மாதம் ஏற்றியதும் மதுரன் தேறினான். பந்தடித்து லயத்து யன்னல் கண்ணாடியை உடைக்கும் அளவுக்குத் தேறினான். ஆனால் இந்தப் பிழை தாய்வழியாக வந்தது, அடுத்த பையனுக்கும் பாதிக்குப் பாதி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ரெங்கம்மா தன்னால் முடிந்ததைச் செய்தாள். ஒரு சுளகு தவிடு கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்கினாள். வாங்கிய பிள்ளையை எமன் தேடி வரமாட்டானாம். குணமணி அதற்கும் சம்மதித்தாள். குழந்தையின் இரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பவும் சம்மதித்தாள்.

மதுரனுக்கு மருந்து ஏற்றும் நாளில் எல்லோரும் பஸ் ஏறினார்கள். வார்டுக்குள் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சின்னவருக்கு அந்த வெள்ளணுக்கள் வேணுமான அளவு இருக்கு. பிழை இல்லை."

குணமணி கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் தவிட்டோட வேலை!" என்றாள் ரெங்கம்மா.

"அப்ப தவிட்டையும் கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்," என்றார் டாக்டர்.

மருந்து ஏறிக்கொண்டிருந்த மதுரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "அப்ப தம்பி மாசாமாசம் என்கூட வரமாட்டானா?"

"ஏன்டா, ஊசிக்கு ஜோடி கேக்குறியா?" குணமணி வாய்விட்டுச் சிரித்தாள். கண் நிறைந்து வழிந்தது. சின்னவனை அண்ணன் பக்கத்தில் கிடத்தினாள்.

"இவருக்கு என்ன பேர்?" என்று டாக்டர் கேட்டார்.

"கிஷாந்தன்."

யோசிக்காமல் சொல்லிவிட்டாள். ரெங்கம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"அடி கள்ளி! எப்ப இந்தப் பேர வச்ச?"

"அவன் பொறந்த அன்னைக்கே அக்கா."